ஷில்ட் குடிலில் மூன்று இரவு: ஆம்பூரிலிருந்து இமயமலைப் பூங்காவுக்குப் போக நினைப்பவர்களுக்கு

ஹிமாசலப் பிரதேசத்துக்குப் போகிற நம்ம பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் மணாலியில் பனிமேல் நின்று படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதே மணாலி பஸ்ஸில் சுமார் 70 கிலோமீட்டர் முன்னாடியே இறங்கி, வலப்பக்கப் பள்ளத்தாக்குக்குள் போனால் கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா இருக்கிறது. குல்லு மாவட்டம், 754 சதுர கிலோமீட்டர். 1999இல் முறைப்படி தேசியப் பூங்கா ஆனது, 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே வண்டி ஓடுகிற ரோடு கிடையாது, ஜீப் சஃபாரி கிடையாது. எதைப் பார்ப்பதென்றாலும் நடந்துபோய்தான் பார்க்க வேண்டும்.

நடப்பது என்றதும் எல்லோரும் தூரக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். தீர்த்தன் ஆறு பிறக்கிற இடம் வரை போகலாமா, ஒரு பள்ளத்தாக்கில் ஏறி இன்னொன்றில் இறங்கலாமா என்று. அதற்கும் கூட்டிப்போக ஆள் உண்டு. ஆனால் பறவையும் விலங்கும் பார்க்க ஆசை என்றால் நான் சொல்வதைக் கேளுங்கள்: குறைவாக நடங்கள், ஓரிடத்தில் தங்குங்கள். தீர்த்தன் ஆற்றோரத்து ரோலா முகாமில் இரண்டு இரவு, அதற்கு மேலே மலையில் ஷில்ட் குடிலில் மூன்று இரவு போதும். தினமும் கூடாரத்தைப் பிரித்து நடக்கிறவர்கள் விடிந்து வெயில் ஏறும்வரை மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். மோனால் என்கிற வண்ணக் காட்டுக்கோழியும் கோரல் என்கிற ஆடு மாதிரியான மலை விலங்கும் வெளியே வந்து மேய்கிற நேரம் அதேதான்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் சூப்பர்வைசர். அதே லைனில் வேலை செய்கிற இரண்டு அக்காக்களோடு போய்வந்தேன். பெண்கள் மட்டும் போகலாமா என்று கேட்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். அவர்களில் ஒரு அக்கா வீட்டில் உருது பேசுவார்கள், வருஷக்கணக்கில் பக்கத்து மெஷினில் கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துவிட்டது. அங்கே வழிகாட்டிகள் தங்களுக்குள் பஹாடியில் பேசினாலும் நம்மிடம் இந்தியில் பேசுவார்கள், ஆம்பூர் உருது அப்படியே கை கொடுத்தது.

எப்போது, எப்படி

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய ஒரு பருவம், அக்டோபர் இன்னொன்று. முதலாவது பறவைகள் கூப்பிடுகிற காலம். மேலே ஏப்ரலில்கூட பனி கிடக்கலாம். அக்டோபரில் வானம் தெளிவாக இருக்கும், தீபாவளி அந்த மாதம் வந்தால் லீவோடு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் காடு அமைதியாகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் போகவே வேண்டாம். 2023 ஜூலையில் பியாஸ் ஆற்று வெள்ளம் குல்லு, மண்டிப் பக்கத்து ரோடுகளை எப்படி அடித்துக்கொண்டு போனது என்று டிவியில் பார்த்திருப்பீர்கள்.

காட்பாடியிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸ் டெல்லிக்குப் போகிறது, ஏறத்தாழ ஒன்றரை நாள் பயணம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அந்தக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். டெல்லி காஷ்மீரி கேட் பஸ் நிலையத்திலிருந்து ராத்திரி மணாலி பஸ். ஔட் சுரங்கப்பாதை பக்கத்தில் இறங்க வேண்டும் என்று ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லிவையுங்கள், நல்ல தூக்கத்தில் தாண்டிவிடும். அங்கிருந்து லார்ஜி, பஞ்சார் வழியாக குஷைனி, நடை அங்கிருந்துதான். பூங்காவுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். குஷைனி போகிற வழியில் சாய் ரோபாவில் வனத்துறை அலுவலகம் இருக்கிறது. அடையாள அட்டை நகலை இரண்டு மூன்று எடுத்துப் போங்கள். குஷைனியைத் தாண்டினால் செல்போன் சிக்னல் போய்விடும், வீட்டுக்கு அங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.

ஷூ

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகப் பேசுகிறேன், என் தொழில் இது.

ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும், மலையிலும் உங்கள் கால் அப்படித்தான் இருக்கும். மலையில் போடப்போகிற கம்பளி சாக்ஸையே போட்டுக்கொண்டு பாருங்கள். லேஸைக் கட்டாமல் காலை முன்பக்கம் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். அப்புறம் லேஸை இறுக்கிக்கொண்டு, கடையில் சரிவான இடம் இருந்தால் கீழ்நோக்கி நின்று பாருங்கள். கால்விரல் முன்னால் போய் முட்டினால் அந்த சைஸ் வேண்டாம். ஏறும்போது எந்த ஷூவும் நல்ல ஷூதான். ஷில்ட்டிலிருந்து இறங்கும்போதுதான் நகம் கறுத்துப்போகும்.

லேஸுக்கு அடியில் இருக்கிற ஷூவின் நாக்கை இழுத்துப் பாருங்கள். அது இரண்டு பக்கமும் மடிப்போடு அப்பரில் சேர்த்துத் தைத்ததாக இருந்தால் அந்த உயரம் வரை தண்ணீர் உள்ளே வராது. தனியாகத் தொங்கினால் முதல் ஓடையிலேயே சாக்ஸ் நனைந்துவிடும். அப்பரில் தையல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, ஒவ்வொரு தையலும் தண்ணீர் புகுகிற ஓட்டை. கால் மடங்குகிற இடத்தில் தையல் ஓடினால் அந்த ஜோடியை வைத்துவிடுங்கள்.

இன்னொன்று நிறையப் பேருக்குத் தெரியாது. பியூ சோல் என்று சொல்கிற பாலியூரித்தேன் சோல், போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சில வருஷத்தில் கெட்டுவிடும். காற்றில் இருக்கிற ஈரமே அதை உள்ளுக்குள் அரிக்கும், நம்ம ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். வெளியே புதுசு மாதிரியே இருக்கும், நடக்க ஆரம்பித்த அரை நாளில் ரொட்டித்தூளாக உதிரும். பரணிலிருந்து எடுத்த பழைய ஷூ, தள்ளுபடியில் கிடைத்த பழைய ஸ்டாக் இரண்டையும் சோலை நன்றாக வளைத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். விரிசல் கண்டாலோ பொடி ஒட்டினாலோ வேண்டாம். அங்கே வழியில் செருப்பு தைக்கிறவர் யாரும் இல்லை.

புது ஷூவை நேராக மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டுக்குள், அப்புறம் கடைத்தெரு, அப்புறம் மலைப்படி என்று பழக்குங்கள். நடக்கும்போது ஓர் இடத்தில் சூடு தெரிந்தால் அப்போதே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபிறகு ஒட்டினால் பயனில்லை. நனைந்த ஷூவை நெருப்புப் பக்கத்தில் வைக்கக் கூடாது, தோல் சுருங்கி விறைக்கும், பசை இளகிச் சோல் வாயைப் பிளக்கும். உள்ளே பேப்பரைத் திணித்து வையுங்கள், ஈரமான பேப்பரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

உடம்பு

பழைய வட ஆற்காட்டில் இருக்கிறவர்களுக்குப் பயிற்சிக்கு இடம் தேட வேண்டியதே இல்லை. சோளிங்கர் பெரிய மலையில் 1,305 படி. ரோப் கார் வந்துவிட்டது, இருந்தாலும் படியிலேயே ஏறுங்கள். வேலூர்க்காரர்களுக்கு பாலமதி, திருப்பத்தூர்ப் பக்கத்தவர்களுக்கு ஏலகிரி சுவாமிமலை. கடைசியில் ஒருமுறை பர்வதமலை ஏறிவிட்டால் பயம் போய்விடும். பையில் இரண்டு லிட்டர் பாட்டில்கள் நான்கைந்து நிரப்பி ஏறுங்கள், உச்சியில் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வெறும் பாட்டிலோடு இறங்குங்கள். தொடைக்குப் பயிற்சி கிடைக்கும், முட்டிக்குச் சிரமம் இருக்காது.

ஆனால் படி ஏறிப் பழகிய காலுக்கும் உயரத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆம்பூர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஏலகிரியே 1,100 மீட்டர் வாக்கில்தான். ரோலா சுமார் 2,100 மீட்டர், ஷில்ட் 3,000 மீட்டருக்கு மேல். அதனால்தான் ரோலாவில் இரண்டு இரவு என்று சொன்னேன். உயரம் யாரைப் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தினமும் ஓடுகிற பையனுக்குத் தலை வெடிக்கும், அவன் அம்மா நன்றாக இருப்பார். தலைவலியோடு வாந்தி உணர்வு, பசி இல்லாமை, தலைசுற்றல் வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. ஓய்வு எடுத்தும் அதிகமானால், நடை தள்ளாடினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், ராத்திரியானாலும் கீழே இறங்க வேண்டும். இது வழிகாட்டியோடு முதல் நாளே பேசி வைக்க வேண்டிய விஷயம். மாத்திரை வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள், பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

துணி விஷயத்தில் ஒன்றே ஒன்று: பருத்தி வேண்டாம். நம்ம ஊருக்கு அதுதான் சரி, அங்கே வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே சீக்கிரம் காய்கிற பனியன், மேலே கம்பளி, அதற்கு மேல் மழைக்கோட்டு. கையுறையும் குல்லாவும் மே மாதமானாலும் வேண்டும்.

உட்கார்ந்து பார்ப்பது

குஷைனியிலிருந்து ரோலா வரை பாதை தீர்த்தன் ஆற்றை ஒட்டியே போகிறது. இங்கேயே அவசரப்படாதீர்கள். ஆற்று நடுப்பாறைகளைப் பாருங்கள். பிரவுன் டிப்பர் என்கிற பழுப்புக் குருவி பாறையிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்கி, அடியில் பூச்சி தேடிவிட்டு வேறிடத்தில் வெளியே வரும். வெள்ளைத் தொப்பி, செங்கல் நிற வாலோடு ஒரு ரெட்ஸ்டார்ட் வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். பாதையோரச் செடிகளில் கை வைக்காதீர்கள், பிச்சு காஸ் என்று ஒன்று உண்டு. நம்ம ஊர்க் காஞ்சொறியில் பட்டவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ரோலாவிலிருந்து ஷில்ட்டுக்கு ஒரே ஏற்றம், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள். மேலே போகப் போகக் கீழ்க்காட்டின் மரங்கள் மாறி, கார்சு ஓக்கும் அதன் அடியில் ரிங்கால் என்கிற மெல்லிய மூங்கில் புதரும் வரும். அந்தப் புதர்தான் மேற்கத்திய டிராகோபனின் வீடு. உள்ளூரில் ஜுஜுரானா என்பார்கள், ஹிமாசலின் மாநிலப் பறவை. ஆண் பறவைக்குக் கழுத்து சிவப்பு, கறுத்த உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. உலகத்திலேயே மேற்கு இமயமலையில் மட்டும் வாழ்கிற பறவை, அதிலும் குறைந்துகொண்டே வருகிறது.

இனி உட்காரும் முறை. முதல் வெளிச்சத்துக்கு முன்பே குடிலை விட்டுக் கிளம்புங்கள். தூரம் வேண்டாம், வழிகாட்டி காட்டுகிற புல்வெளியின் ஓரம் வரை போதும். மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், உருவம் மரத்தோடு சேர்ந்துவிடும். மேட்டு விளிம்பில் உட்கார்ந்தால் வானத்துக்கு எதிரே நீங்கள் மட்டும் தனியாகத் தெரிவீர்கள். பிளாஸ்டிக் கவர் சலசலப்பு உங்கள் பேச்சைவிட அதிக தூரம் கேட்கும், தின்பண்டத்தை முதல் நாள் ராத்திரியே துணிப்பையில் மாற்றி வையுங்கள்.

வாசனையும் அப்படித்தான். தலையில் பூ, பவுடர், சென்ட் எதுவும் கூடாது. பறவையை விடுங்கள், கோரல், கஸ்தூரி மான், கரடி எல்லாம் மூக்கால் உலகத்தைத் தெரிந்துகொள்பவை. மலைக்காற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் கீழே வழியும், விடிகாலை வரை அப்படித்தான். வெயில் பட்டுச் சரிவு சூடானதும் காற்று மேல்நோக்கித் திரும்பும். அதனால் விடிகாலையில் உங்களுக்கு மேலே இருக்கிற சரிவைப் பாருங்கள், உங்கள் வாசனை அங்கே போகாது. வெயில் ஏறிய பிறகு கீழே இருக்கிற பாறைச் சரிவைப் பாருங்கள்.

இருட்டு கலையும் முன்பே காக்லாஸ் கூவ ஆரம்பிக்கும். அதுவும் காட்டுக்கோழிக் குடும்பம்தான், ஆனால் குரல் கரகரவென்று எதிர்மலைக்கே கேட்கும். ஒன்று கூவியதும் இன்னொரு சரிவிலிருந்து பதில் வரும். டிராகோபன் கூப்பிடுவது ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி இழுவையாக இருக்கும். நாங்கள் அந்தக் குரலை மட்டும்தான் கேட்டோம், பறவை மூங்கிலை விட்டு வெளியே வரவில்லை. அந்தக் குரலுக்காகவே அவ்வளவு தூரம் போகலாம் என்பது என் எண்ணம்.

மோனால் அப்படி இல்லை, கண் முன்னால் வரும். புல்வெளியில் அலகாலேயே மண்ணைத் தோண்டிக் கிழங்கும் புழுவும் தின்னும், ஒரே குழியில் வெகு நேரம் நிற்கும். வெயில் படும்வரை கறுப்பாகத்தான் இருக்கும். பட்டதும் பச்சை, நீலம், செம்பு என்று ஒவ்வொரு அசைவுக்கும் நிறம் மாறும். பறக்கும்போது முதுகில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். இந்தக் கொண்டை இறகை ஒரு காலத்தில் ஆண்கள் தொப்பியில் செருகிக்கொள்வார்கள், இன்று அது சட்டப்படி குற்றம். யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

விலங்கு பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும். தையல் லைனில் நான் அப்பரைச் சோதிக்கிற மாதிரிதான் சரிவைப் பார்த்தேன்: ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, அப்புறம் ஒரு வரிசை கீழே, எங்காவது சீர் தப்புகிறதா என்று. பாறை வரிசையில் ஒரு பாறைக்கு மட்டும் காது இருந்தால் அது கோரல். 8x42 பைனாகுலர் ஒன்று போதும், அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கம்தான் தெரியும். ஆகாயத்தையும் பாருங்கள். தாடிப் பாறு எலும்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறைமேல் போட்டு உடைத்துத் தின்னும். பனிச்சிறுத்தை இந்தப் பூங்காவில் இருக்கிறது. அது இன்னும் உயரத்தில், ஷில்ட்டில் எதிர்பார்க்க வேண்டாம்.

கரடி விஷயம். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் காட்டில் யானைக்குத்தான் காது கூர்மையாக இருக்கும். அங்கே யானை இல்லை, கரடிக்குக் கூர்மையாக்குங்கள். காட்டில் கருங்கரடி, மரம் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே பழுப்புக் கரடி. திருப்பங்களிலும் ஓடைச் சத்தம் அதிகமான இடங்களிலும் பேசிக்கொண்டே போங்கள், திடீரென்று எதிர்ப்படுவதுதான் ஆபத்து. பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், மரம் ஏறாதீர்கள், கருங்கரடி உங்களைவிட நன்றாக ஏறும். முகத்தை அதன் பக்கம் வைத்தபடி மெல்லப் பின்வாங்குங்கள். குட்டி தெரிந்தால் தாய் எங்கே என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள், வந்த வழியே திரும்புங்கள்.

போனில் டிராகோபன் குரலைப் போட்டு அதை வெளியே வரவைக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் தன் இடத்துக்கு வேறொரு ஆண் வந்துவிட்டதாக நினைத்து அது தவித்து அலையும். கல்லெறிந்து புதரைக் கலைப்பதும் அதே பாவம்.

சோறு, கழிவு, கூலி

3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. குக்கர் எடுத்துப் போகிறார்களா என்று சமையல்காரரிடம் கேளுங்கள். வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வேர்க்கடலை உருண்டை போதும். உயரத்தில் பசி எடுக்காது, புளி வாசனை வந்தால்தான் சோறு இறங்கும்.

ஒதுங்குவதற்கு ஓடையிலிருந்து குறைந்தது எழுபது எண்பது தப்படி தள்ளிப் போய், ஒரு சாண் குழி தோண்டி, முடிந்ததும் மூடிவிடுங்கள். நாப்கினைப் புதைக்கவும் எரிக்கவும் கூடாது. கறுப்புக் கவருக்குள் இன்னொரு கவர் போட்டு, கொஞ்சம் டீத்தூள் தூவி முடிந்து கீழே கொண்டுவந்துவிடுங்கள், வாடை வராது. ஓடையில் சோப்பு போடாதீர்கள்.

வழிகாட்டியையும் சுமை தூக்குபவர்களையும் குஷைனிப் பக்கத்து ஊர்களிலேயே பேசுங்கள், டெல்லியிலிருந்து மொத்த பேக்கேஜாக எடுக்காதீர்கள். இந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக உள்ளே ஆடு மேய்த்தவர்கள், மூலிகையும் குச்சி என்கிற காட்டுக் காளானும் பறித்து விற்றவர்கள். பூங்கா உறுதியானபோது அந்த உரிமைகள் முடிந்துபோயின. அவர்கள் விட்டுக்கொடுத்த காட்டில்தான் நாம் மோனால் பார்க்கிறோம், நம் பணம் அவர்கள் வீட்டுக்குப் போவதே முறை. தவிர, எந்தப் பாறையில் கோரல் நிற்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கூலி, ஒருவர் எத்தனை கிலோ தூக்குவார், மழையில் ஒரு நாள் கூடினால் எவ்வளவு என்பதையெல்லாம் கிளம்பும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மூட்டையை அவர்கள் எதிரிலேயே நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்லாமல், அவரவர் கையில் ரொக்கமாகக் கொடுங்கள். ஏடிஎம் பஞ்சாரில்தான் இருக்கிறது, அதை நம்பிப் போகாமல் டெல்லியிலேயே எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.